ஆற்றில் காயும் வெள்ளைச் செவ்வகங்கள்

அந்த ஆற்றை ஆறு என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. மத்தியதரைக் கடலோரத்து நாடு ஒன்றில் ஓடுகிறது. ஓடுகிறது என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். வருடத்தில் பாதி நாள் அது சும்மா கிடக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னாலும் இங்கே யாருக்கும் எதுவும் விளங்கப் போவதில்லை. மலையில் ஒரு சுண்ணாம்புப் பாறையின் அடியில் கசிந்து தொடங்கிக் கடலில் முடிகிற அதன் முழு நீளத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் ஒரே ட்ரிப்பில் முடித்துவிடும், நடுவில் டிரைவர் டீ குடிக்க இறங்கினாலும். இதற்கு மூன்று பெயர் வேறு. மலையில் ஒன்று, சமவெளியில் ஒன்று, கடலோரத்தில் ஒன்று. ஒரே பையனை மூன்று வகுப்பில் மூன்று பெயரில் எழுதி வைத்த மாதிரி.

நான் படித்தது புவித்தகவல் பொறியியல். ராஜபாளையத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கும் அலுவலகத்தில் வேலை. வெளிநாட்டில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை எங்களுக்கு அனுப்புவார்கள். அவற்றின் மேல் கோடு இழுத்து, இது கரை, இது பாதை, இது கூரை என்று பிரித்து, வரைபடமாக்கித் திருப்பி அனுப்புவோம். ஒவ்வொரு துண்டுப் படத்துக்கும் டைல் என்று பெயர். மற்றவர்கள் வரைவார்கள். நான் சரிபார்த்து, என் முதலெழுத்தைப் போட வேண்டும். அந்த எழுத்து இல்லாத டைலை வாங்குகிறவர்கள் பயன்படுத்த முடியாது.

இத்தனை சிறிய ஆற்றுக்கு எதற்கு வரைபடம் என்றால், வெள்ளத்துக்காக. ஐப்பசியில் நமக்கு மழை பிடிக்கும் அதே சமயத்தில் அங்கேயும் பிடிக்கும். மலையில் பெய்த தண்ணீர் செத்த நேரத்தில் கடலோரம் வரை எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போகும். அப்போது ஆற்றை ஒட்டி இருப்பவர்களைக் கதவைத் தட்டி வெளியேற்ற வேண்டும். எந்தக் கதவுகளைத் தட்டுவது என்பதை எங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வரைபடத்தில் இல்லாத கூரைக்கு யாரும் போக மாட்டார்கள். விஷயம் இவ்வளவுதான்.

சில மாதங்கள் தினமும் அதையே பார்த்ததில் அந்த ஆற்றின் உடம்பு எனக்கு மனப்பாடம். தலைப்பக்கம் கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான தோட்டங்கள், அவற்றில் ஆலிவ் மரங்கள். அதற்குக் கீழே ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் ஒரு தடுப்பணை. அது தேக்கி வைத்திருப்பது தண்ணீரை அல்ல, கூழாங்கல்லை. பிறகு திடீரென்று அகன்று, வெள்ளைக் கல் நிரம்பிய படுகை. ஊர் முழுக்கப் படுக்கலாம், அவ்வளவு அகலம். அதில் தண்ணீர் மட்டும் ஒரு நூலாக, பெரிய கட்டிலில் தனியாகப் படுத்த குழந்தையைப் போல, ஓர் ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு உருண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டக்காரர்கள் வருடத்துக்குக் கொஞ்சமாக வேலியை உள்ளே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். இந்த வேலையை நம் ஆட்களிடம்தான் கற்றுக்கொண்டார்களோ என்று தோன்றும். கடைசியில் கடல். அத்தனை பாடுபட்டுக் கடல் வரை போய்விட்டு, கோடையில் வாசலில் ஒரு மணல்திட்டு அடைத்துக்கொள்ள, உள்ளே போக முடியாமல் பச்சைப் பாசிக் குட்டையாக நிற்கும்.

நம் ஆறுகளும் ஒன்றும் ஒழுங்கில்லை. மேற்கு மலையில் இறங்கி, கிழக்கே கொஞ்சம் வந்து, ஏதாவது ஒரு கண்மாயில் விழுந்து காணாமல் போய்விடும். கடலைப் பார்த்தே இராதவை. ஆனால் அவற்றைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. இந்த ஆற்றுக்கோ, படங்களோடு சேர்த்து ஒரு தடித்த விளக்கக் குறிப்பு வந்தது. அதில் முதல் அத்தியாயத்தின் தலைப்பு, 'ஆற்றின் ஆளுமை'. நான் அந்தப் பக்கத்தைத் தாண்டி, வரைவதற்கான விதிகள் இருந்த பக்கத்துக்குப் போனேன். அது ஒன்றுதான் அந்தக் குறிப்பில் படிக்கத் தகுந்தது.

அலுவலகத்தின் முதலாளி என் அப்பாவின் அண்ணன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே எங்கோ பனிமலையில் வரைபடம் பார்த்து நடந்ததாகச் சொல்வார். வரைபடத்தை மடிக்கத் தெரியும் என்பதற்கு மட்டும் என்னிடம் சாட்சி இருக்கிறது. வீட்டில் அவரைப் பெரியப்பா என்றும், அலுவலகத்தில் சார் என்றும் கூப்பிட வேண்டும். படியேறும்போது எந்தப் படியில் மாற்ற வேண்டும் என்று நான் கேட்டதில்லை. எந்தச் சிக்கல் வந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: பால்கோவா. மின்கட்டண ஊழியர், கட்டட உரிமையாளர், வங்கி மேலாளர் என்று எல்லோருக்கும் அதைக் கொடுத்துப் பழகி, உலகமே சர்க்கரையில் இளகும் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஆற்றின் நடுப்பகுதி, அந்த அகலமான படுகை, என் தோழியிடம் வரையக் கொடுக்கப்பட்டிருந்தது. அவள் சத்திரப்பட்டிக்காரி. நான் ஓர் உறவினர் கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்த வாரத்தில் அந்த டைல்கள் எல்லாம் முடிந்து, எனக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், பெரியப்பா தானே என் முதலெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டார். திரும்பி வந்து, அனுப்பியதையாவது ஒரு முறை பார்ப்போம் என்று திறந்தேன். வெள்ளைக் கல் படுகையின் ஓரத்தில் வரிசையாக வெள்ளைச் செவ்வகங்கள். ஒன்றையும் அவள் வரையவில்லை.

"ஏட்டி, இந்த வெள்ள வெள்ளையா கெடக்கே, இது என்னது?"

"துணி," என்றாள். தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன துணி?"

"பேண்டேஜ் துணி. வேற என்ன துணிய ஆத்துல காயப்போடுவாக?"

அவள் ஊரில் அப்படித்தான். காயத்துக்குக் கட்டும் சல்லடைத் துணியை நெய்து, வெளுத்து, திறந்த வெளியில் நீளநீளமாக விரித்துக் காயப்போடுவார்கள். அதற்கு நடுவில் வளர்ந்தவள் அவள். வெட்டவெளியில் வெள்ளையாக, நீளச் சதுரமாக, வரிசையாக எது கிடந்தாலும் அவள் கண்ணுக்கு அது துணி. விதிகளும் அவள் பக்கம் இருந்தன. துணி, வாகனம், சந்தைக் கூடாரம் போன்ற தற்காலிகப் பொருள்களை வரையக் கூடாது என்று எழுதியிருந்தது.

"அந்த நாட்டுல பேண்டேஜ ஆத்துல காயப்போடுதாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அவியளுக்குக் காயம் படாதாக்கும்?"

படத்தைப் பெரிதாக்கினேன். "துணிக்கு நிழல் விழுமா?"

நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தாள். ஒவ்வொரு செவ்வகத்துக்கும் ஒரு பக்கமாகக் கறுப்பு நிழல் விழுந்திருந்தது. தரையில் கிடப்பதற்கு அப்படி விழாது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்பதற்குத்தான் விழும்.

"வண்டி மாதிரில்லா இருக்கு," என்றாள்.

"வண்டிதான். உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வெச்சு, கார்ல கட்டி இழுத்துட்டுப் போவாங்களே, அந்த வண்டி."

"அப்போ சரி. வண்டியையும் வரையக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. தப்பாப் பாத்தாலும் சரியாத்தான் விட்டிருக்கேன்." நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அந்த வண்டிக்காரர்கள் மேல் இரக்கம் ஒன்றும் வரவில்லை. படத்தில் வண்டிகளுக்குப் பக்கத்தில் வண்ணக் குடைகள், சாய்வு நாற்காலிகள், சின்ன நீலத் தொட்டிகள் எல்லாம் தெரிந்தன. இரண்டு பக்கமும் மேடு இருக்க, ஆறு காய்ந்து கிடக்கிறது என்பதற்காக அதன் நடுவில் போய்ப் படுத்து, உடம்பில் எண்ணெய் தடவிக்கொள்கிற புத்தி. இவர்களை எழுப்ப ஓர் ஆள் வேறு போக வேண்டுமா என்றுதான் நினைத்தேன்.

ஆனால் சரிபார்ப்பதில் எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கரை, பிறகு பாதை, பிறகு கூரை, கடைசியில் குளிர்காலப் படம். கோடையில் மர இலைகள் கூரைகளை மறைத்துவிடும் என்பதால், இலை உதிர்ந்த பிறகு எடுத்த இன்னொரு படமும் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைத் திறந்தேன். திராட்சைக் கொடிகள் மொட்டையாக நின்றன. நூலாக இருந்த தண்ணீர் கயிறாகத் தடித்திருந்தது. குடை இல்லை, நாற்காலி இல்லை, நீலத் தொட்டி இல்லை. வெள்ளைச் செவ்வகங்களில் சில போயிருந்தன. மற்றவை எல்லாம் போட்டது போட்ட இடத்தில் இருந்தன. ஒன்றின் பக்கத்தில் தகரம் சாய்த்துச் சார்ப்பு இறக்கியிருந்தார்கள். இன்னொன்றின் பின்னால் கோடு பிடித்தாற்போலக் கீரைப்பாத்தி. விடுமுறைக்கு வந்தவர்கள் பாத்தி கட்ட மாட்டார்கள். ஊருக்குள் வாடகை கொடுக்க வழியில்லாதவர்கள்தான் கட்டுவார்கள்.

விதிகள் பக்கத்தை மறுபடி எடுத்தேன். தற்காலிகப் பொருள்களுக்கு அடுத்த வரியிலேயே இருந்தது: கூரை உள்ள எதுவும் இரண்டு பருவப் படங்களிலும் ஒரே இடத்தில் இருந்தால், அது கட்டடமாக வரையப்பட வேண்டும். விதியை எழுதியவர்கள் வரைபடத்தை வாங்குகிறவர்களே. அதை மீறிய டைல்களில் இருந்தது என் எழுத்து.

பெரியப்பாவின் அறைக்குப் போனேன். அவர் அடுத்த வேலைக்கான விலைப்புள்ளியைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"பெரியப்பா..."

"சார்."

"சார், நடுப்பகுதி டைல்களைத் திருப்பி வாங்கணும். ஆத்துக்குள்ள வீடு இருக்கு."

"ஆத்துக்குள்ள எவனாவது வீடு கெட்டுவானா?"

அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் எந்த ஓடையின் மேல் நிற்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அனுப்புன சரக்கைத் தப்புன்னு நாமளே சொன்னா, நம்மள எவன் மதிப்பான்? இத முடிச்சா அடுத்து பெரிய ஆறு தாரேன்னு சொல்லியிருக்காக. தெரியும்லா?"

"அதுல நான் எழுத்துப் போடல. நீங்க போட்டிருக்கீங்க."

"நம்ம வீட்டுப் பிள்ளை எழுத்துதானே? வேத்தாள் எழுத்தையா போட்டேன்?"

"ஆள் குடியிருக்காங்க சார் அதுல. தண்ணி வந்தா அவங்களை யாரும் எழுப்ப மாட்டாங்க."

"தண்ணி வந்தா எந்திரிச்சுப் போமாட்டாகளா? அவியளுக்குக் காலு இல்லையா?" விலைப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேணும்னா அந்த வெளிநாட்டுத் தொரைக்கு நல்ல கடையில பால்கோவா வாங்கிக் கூரியர்ல போடுவோம். பேசாமப் போய் வேலையப் பாரு."

ராணுவம் ஒருவருக்கு எதைக் கற்றுக்கொடுக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இவருக்குக் கற்றுக்கொடுத்தது சல்யூட் எந்தப் பக்கம் வைப்பது என்பதை மட்டும்தான்.

வாரத்துக்கு ஒரு முறை அந்த நாட்டு ஒருங்கிணைப்பாளரோடு வீடியோ அழைப்பு உண்டு. வெயிலில் வெந்து சிவந்த மனிதர். பின்னால் எப்போதும் எலுமிச்சைத் தொட்டியோடு ஒரு மொட்டைமாடி தெரியும். நாங்கள் எதைச் சொன்னாலும் 'பெர்ஃபெக்ட்' என்பார். கரைக்கோடு முடிந்தது என்றால் பெர்ஃபெக்ட். இங்கே மின்தடை என்றாலும் பெர்ஃபெக்ட். அந்த வாரம் பெரியப்பா வரவேற்கும் விதமாக, கேமரா பார்க்கும் இடத்தில் பால்கோவா டப்பா ஒன்றை வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். தோழி பக்கத்தில்.

ஒருங்கிணைப்பாளர் சுருக்கமாக எல்லாம் பெர்ஃபெக்ட் என்று முடிக்கப் போகும்போது, படுகையில் நிற்கும் வண்டிகளைப் பற்றிக் கேட்டேன்.

"ஆமாம், தெரியும்," என்றார் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. "கோடைக்கால முகாம். நகராட்சி உரிமம் கொடுத்திருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். கவலைப்பட வேண்டாம்."

தோழி மைக் பக்கம் முகத்தைக் காட்டாமல் முணுமுணுத்தாள். "எங்கம்மாவும் இதத்தான் சொல்லும். மழ வந்தாச் சுருட்டிருவோம்னு."

"சுருட்டுவாங்களா?"

"பாதியச் சுருட்டும். மீதி சகதியில கெடக்கும்."

துணி என்று இவள் செய்த தப்புக்கும், அந்த நகராட்சி உரிமம் கொடுத்துச் செய்திருக்கும் காரியத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதர்கள் குடியிருக்கும் கூரைகளை, மழை வந்தால் சுருட்டி எடுத்துவிடக்கூடிய துணியாக அவர்களும் பார்த்திருந்தார்கள். இவள் பார்க்காமல் செய்தாள். அவர்கள் பார்த்துவிட்டுச் செய்தார்கள்.

குளிர்காலப் படத்தைத் திரையில் போட்டேன். தகரச் சார்ப்பைக் காட்டினேன். பாத்தியைக் காட்டினேன். "எடுக்கவில்லை," என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அங்கே யாரும் வசிப்பதாகப் பதிவு இல்லை," என்றார்.

"பதிவு எங்களிடம் இல்லை. படம்தான் இருக்கிறது," என்று சொல்லி, அவர்கள் எழுதிய விதியைப் படித்துக் காட்டினேன். எலுமிச்சைத் தொட்டியின் பக்கம் திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னார். மறுபடி திரும்பி, இதை அப்படியே விட்டால் நகராட்சிக்கு வசதி, எங்களுக்கும் வேலை மிச்சம் என்று நல்லவிதமாக விளக்கினார். பின்னாலிருந்து பெரியப்பா, "யெஸ் சார், யெஸ் சார்," என்றார்.

நான் சொன்னேன்: "அப்படியானால் அந்த டைல்களில் இருக்கும் என் எழுத்தை எடுத்துவிடுங்கள். அதை நான் போடவில்லை."

அந்த அழைப்பில் அவர் பெர்ஃபெக்ட் சொல்லவில்லை. சரிபார்ப்பவரின் எழுத்து இல்லாவிட்டால் நடுப்பகுதி முழுவதும் நின்றுவிடும். நடுப்பகுதி இல்லாமல் தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு ஆற்றை என்ன செய்வது? மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். பெரியப்பா எழுந்து, பால்கோவா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தன் அறைக்குப் போனார்.

அன்று மாலை ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"அண்ணன் போன் பண்ணுனாரு," என்றார் அப்பா. "வெள்ளக்காரன் முன்னால மானத்த வாங்கிட்டியாமே?"

"அவர் என் எழுத்தைப் போட்டு அனுப்பியிருக்காருப்பா."

"எழுத்துத்தானம்மா. சொத்தையா எழுதி வாங்குனாரு?" கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "அந்த ஆறு எம்புட்டுப் பெருசு?"

"நம்ம ஓடை அம்புட்டுத்தான்."

"அதுக்கா இம்புட்டு?"

எங்கள் குடும்பத்தில் நியாயத்துக்கு ஆற்றின் அகலத்தை அளந்து பார்த்துத்தான் மரியாதை. பெரிய ஆறாக இருந்தால் ஒருவேளை என் பக்கம் பேசியிருப்பார்.

பதில் வர நாளானது. அங்கே மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வந்த மின்னஞ்சலில் வணக்கமும் இல்லை, விளக்கமும் இல்லை. விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, அதன்படி படுகையின் டைல்களை மறுபடி வரைந்து, கூடுதல் கட்டணம் இல்லாமல், உடனே அனுப்ப வேண்டும் என்று ஒரே வாக்கியம். நியாயம் செய்பவர்களின் மொழி அல்ல அது. பின்னால் வழக்கு வந்தால் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தவர்களின் மொழி. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பயத்தில் போட்டாலும் கோடு கோடுதான்.

பெரியப்பா என்னைச் சரிபார்க்கும் நாற்காலியிலிருந்து எழுப்பி, வரைகிறவர்கள் வரிசையில் கடைசி இடத்தில் உட்காரவைத்தார். இனிமேல் தானே சரிபார்க்கப் போவதாகச் சொன்னார். "எழுத்து எழுத்துன்னியே. இனி உன் எழுத்தே வேண்டாம்." நான் சரி சார் என்றேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் மவுஸை எந்தப் பக்கமாகப் பிடித்தார் என்பதை வரிசையில் எல்லோரும் பார்த்தோம்.

நானும் தோழியும் படுகையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கோடைப் படம், குளிர்காலப் படம், இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் இருக்கும் செவ்வகத்தைச் சுற்றி நான்கு முனை, மூடு, அடுத்தது. கோடையில் மட்டும் வந்து போனவை வேண்டாம். முதல் நாள் அவள் என்னோடு பேசவில்லை. அவள் தப்பை வெள்ளைக்காரன் வரை கொண்டுபோனதில் கோபம். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளுக்கே பொறுக்கவில்லை.

"இதுல குடியிருக்கிறவனுக்கு நீ யாரு, நான் யாருன்னு தெரியுமாட்டி?"

"தெரியாது."

"தெரிஞ்சா என்ன சொல்லுவான்?"

"தூக்கத்துல கதவைத் தட்ட வச்சுட்டாளுங்கன்னு திட்டுவான்."

"திட்டட்டும்," என்றாள். அடுத்த செவ்வகத்தை மூடினாள்.

வரைந்துகொண்டே போகும்போதும் அந்த ஆற்றின் மேல் எனக்கு மதிப்பு எதுவும் கூடவில்லை. அதே கூழாங்கல், அதே நூல் தண்ணீர், வாசலில் அதே மணல்திட்டு. அதற்குள் குடியேறியவர்கள் மேலும் கூடவில்லை. அவர்களுக்கு உரிமம் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு, பதிவில் மட்டும் எழுதாமல் விட்ட நகராட்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதிப்பு இருந்தால்தான் ஒருவரை வரைபடத்தில் சேர்க்க வேண்டும் என்று விதியில் இல்லை. கூரை இருந்தால் போதும்.

கடைசி டைலின் கடைசி வண்டி, கீரைப்பாத்தி வைத்திருந்ததுதான். அது தோழியின் பங்கில் வந்தது. வண்டியை வரைந்து மூடினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். அந்த வண்டிக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவே ஒரு கயிறு. குளிர்காலப் படத்தில் அதில் வெள்ளையாகச் சின்னச் சின்னதாக ஏதேதோ தொங்கின. கோடைப் படத்திலும் அதே இடத்தில் தொங்கின.

"ஏட்டி, இது நெசமாவே துணி," என்றாள். "ரெண்டு படத்துலயும் இருக்கு. வரையட்டா?"

"கூரை இல்லையே."

"இல்ல."

"அப்போ விடு. மழை வந்தா எடுத்துருவாங்க."

அவள் டைலை மூடி, பெரியப்பா எழுத்துப் போடுவதற்காக அனுப்பினாள். சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஒரே சொல்: பெர்ஃபெக்ட். பெரியப்பா கூரியரில் போட்ட பால்கோவா வந்து சேர்ந்ததா என்பதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.